புதன்கிழமைக் கண் ஆஸ்பத்திரி

கண்காட்சிக்கு முந்தைய நாள், வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, தேவகிருபை செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டுவிட்டுக் கல்யாண மண்டபத்தின் நடுவில் நின்றாள். காலையிலிருந்து ஓடிய ஓட்டத்தில் குதிகால் எரிந்தது. தரையின் குளிர்ச்சி கொஞ்சம் இதமாக இருந்தது. சுவரோரமாகப் பன்னிரண்டு மேசைகள் போட்டாகிவிட்டது. ஒவ்வொன்றுக்கும் பின்னால் மாணவிகள் அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். வேதியியல் பெண்கள் மணலி புதுநகர் குழாய்த் தண்ணீரைச் சோதித்த பாட்டில்களைத் தெருவாரியாக வரிசைப்படுத்தினார்கள். புள்ளியியல் பெண்கள், ஒரு பள்ளிக்கூட வாசலைக் காலை எட்டு மணியிலிருந்து ஒன்பது மணிக்குள் எத்தனை கன்டெய்னர் லாரிகள் கடக்கின்றன என்று இருபது நாள் நின்று எண்ணிய கணக்கைப் படமாக வரைந்திருந்தார்கள்.

தேவகிருபைக்கு வயது நாற்பத்து நான்கு. ராயபுரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்த குடும்பம். திருவொற்றியூர் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு பெண்கள் கல்லூரியில் பதினாறு வருடமாகத் தமிழ் நடத்துகிறாள். நான்கு வருடங்களுக்கு முன் அவள் பிடிவாதம் பிடித்துத் தொடங்கியதுதான் இந்த சர்வீஸ் லேர்னிங் பாடம். மாணவிகள் வாரத்தில் ஒரு நாள் வெளியே ஓரிடத்துக்குப் போய், தாங்கள் படிக்கிற படிப்பை அங்கே உள்ளவர்களுக்கு உபயோகப்படுகிற மாதிரி செய்ய வேண்டும். செய்ததைப் பற்றித் திரும்பி வந்து எழுத வேண்டும். அதற்கு மதிப்பெண் உண்டு.

பெற்றோருக்குத்தான் இது பிடிக்கவில்லை. "காலேஜுக்குப் போடின்னு அனுப்பினா, குப்பத்துக்கும் லாரி ரோட்டுக்கும் அனுப்புறீங்களே மேடம்" என்று கேட்டவர்கள் உண்டு. வருடா வருடம் சேருகிறவர்கள் குறைந்தார்கள். அடுத்த வருடம் முப்பது பேராவது சேராவிட்டால் பாடத்தை எடுத்துவிடுவோம் என்று முதல்வர் ராமசெல்வி நேரடியாகவே சொல்லிவிட்டார். அதனால்தான் இந்தக் கண்காட்சி. பெற்றோர், பக்கத்துப் பள்ளிகளின் பிளஸ் டூ பெண்கள், தெருவில் போகிறவர்கள் என்று யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கட்டும், பார்த்தால் மனசு மாறும் என்று தேவகிருபை நம்பினாள்.

பார்க்க வைக்க வேண்டுமே. அதற்காக மண்டபத்தின் மதில்மேல், சாலையைப் பார்த்த மாதிரி, பத்தடி அகலத்துக்கு ஒரு பிளெக்ஸ் கட்டியிருந்தாள். பந்தல்காரர் ரஞ்சித் மத்தியானம்தான் அதை இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். குனிந்து எழுதிக்கொண்டே சிரிக்கிற ஒரு பெண்ணின் முகம். ஐம்பது வயசு. மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கீழே பெரிய எழுத்தில், 'நேற்று கைநாட்டு! இன்று கையெழுத்து! முகத்துவாரக்குப்பம் கன்னியம்மா' என்று இருந்தது. அந்த வரியை எழுதியவள் தேவகிருபையே.

அந்தக் கன்னியம்மாதான் இப்போது மண்டபத்து வாசலில் வந்து நின்றாள்.

முதலில் தேவகிருபைக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. "வாங்க அக்கா, நாளைக்குத்தானே வரச் சொன்னேன்" என்றபடி முன்னால் போனாள். பக்கத்தில் போன பிறகுதான் கன்னியம்மாவின் முகத்தைச் சரியாகப் பார்த்தாள். வேர்த்து ஊற்றியிருந்தது.

"வெளிய இன்னா டீச்சரு அது?"

"அக்கா..."

"ராயபுரம் போயிட்டு பஸ்ஸுல வந்துகினு இருந்தேன். டிராபிக்கு. பஸ்ஸு கரீட்டா அங்க நின்னுச்சு. பாத்தா, என் மூஞ்சி. கீழ எய்த்து கீது. கூட்டிக் கூட்டிப் படிச்சேன். ரெண்டாவது வார்த்தைல மொதோ எய்த்து கை. அப்பால நா. அப்பால ட்டு." அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினாள். "பக்கத்துல குந்திகினு இருந்த பொம்பள என்னியப் பாக்குறா, அத்தப் பாக்குறா, மறுக்கா என்னியப் பாக்குறா. நான் எறங்கிட்டேன்."

மண்டபத்தில் ஒட்டுப் பசையும் கத்தரிக்கோலுமாக இருந்த பெண்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள். நாலாவது மேசையிலிருந்து கௌசர் எழுந்து ஓடி வந்தாள். தண்டையார்பேட்டைப் பெண், இரண்டாம் வருடத் தமிழ் மாணவி. கன்னியம்மாவுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவள் அவள்தான்.

"உங்களைப் பெருமையா காட்டணும்னுதான் வெச்சோம் அக்கா" என்றாள் தேவகிருபை.

"பெருமையா? கைநாட்டுன்னு எய்தி தொங்க உட்டுகீற. அதுல இன்னா பெருமை கீது?" கன்னியம்மாவின் குரல் உயர்ந்தது. "குப்பத்துல நான் இன்னா சொல்லி வெச்சிகீறேன், தெரியுமா உனுக்கு?"

தேவகிருபைக்குத் தெரியும்.

போன ஆகஸ்டில் மாணவிகள் முகத்துவாரக்குப்பத்துக்குப் போனது மீனவப் பெண்கள் சங்கத்துக்கு மனு எழுதிக் கொடுப்பதற்கு. கன்னியம்மா பதினாலு வருடமாக அந்தச் சங்கத்தின் தலைவி. தாலுகா ஆபீஸானாலும் மீன்வளத் துறை ஆபீஸானாலும் கையில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்து, மணிமணியாகப் பேசுவாள். காகிதத்தில் உள்ளது அவளுக்கு மனப்பாடம். யாராவது ஒரு தடவை வாசிக்கக் கேட்டால் போதும், அப்படியே பிடித்துக்கொள்வாள். பார்க்கிறவர்கள் அவள் படிக்கிறாள் என்றுதான் நினைப்பார்கள். மனுவெல்லாம் எழுதி முடித்துப் புறப்படும்போது அவள் கௌசரை மட்டும் ஐஸ் பெட்டிகளுக்குப் பின்னால் கூப்பிட்டாள். "எனுக்கு எய்த்து வராது கண்ணு. கத்துக் குடுப்பியா? ஒரு ஈ காக்காக்குக்கூட தெரியக்கூடாது."

அதற்கப்புறம் புதன்கிழமைதோறும் பிற்பகலில் கல்லூரி நூலகத்துக்கு வந்தாள். குப்பத்தில், கண் ஆஸ்பத்திரிக்குப் போகிறேன், சொட்டு மருந்து ஊற்றுகிறார்கள் என்று சொல்லிவிட்டு வருவாள். கௌசர் இதையெல்லாம் சொன்னபோது தேவகிருபை விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். ரகசியம் என்று தெரிந்தேதான் சிரித்தாள்.

"எதுத்த வூட்டுக்காரி தெனம் கேக்குறா, கண்ணு இப்போ எப்டி கீதுன்னு" என்றாள் கன்னியம்மா. "நல்லா கீதுன்னு சொல்லிகினு கீறேன். எங்க பஞ்சாயத்து ஆம்பளைங்க என்னை எறக்கணும்னு பதினாலு வருசமா பாத்துகினு கீறானுங்க. இத்தப் பாத்தா உடுவானுங்களா? படிக்கத் தெரியாதவ இன்னாத்த எங்களுக்குப் பேசினாளோன்னு கேப்பானுங்க. நான் இன்னா பதில் சொல்றது?"

"நீங்கதான் அக்கா ஜனவரில சம்மதம்னு எழுதிக் குடுத்தீங்க." சொன்ன உடனேயே அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தேவகிருபைக்குத் தோன்றியது. ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது.

"நான் எய்திக் குடுத்தனா? எங்க, காமி."

தேவகிருபை கைப்பையிலிருந்து கோப்பை எடுத்தாள். தாள் அடியில் இருந்தது. கல்லூரி அலுவலகம் தயார் செய்து கொடுத்த தாள். கீழே, கோட்டுக்கு மேலே ஏறியும் இறங்கியும் 'க. கன்னியம்மா' என்று இருந்தது. அன்றைக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. தேவகிருபைதான் தாளை நீட்டி, "இங்க ஒரு கையெழுத்துப் போடுங்க அக்கா" என்றாள். கன்னியம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு, ஐந்து நிமிடம் எடுத்துப் போட்டாள். போட்டுவிட்டு, "இன்னொரு பேப்பரு கீதா?" என்று கேட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

"மேல இன்னா எய்தி கீது? படி."

தேவகிருபை வாயைத் திறந்தாள். தாள் முழுக்க ஆங்கிலம். பதினாறு வருடம் தமிழ் நடத்தியவள், நூலகத்து மேசையில் அ, ஆ எழுதிப் பழகிக்கொண்டிருந்த ஒருத்திக்கு ஆங்கிலத் தாளை நீட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறாள். அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. முகம் சுட்டது. மெல்லத் தமிழில் சொன்னாள்: "என் படத்தையும் பெயரையும் கல்லூரி தன்னோட விளம்பரத்துக்குப் பயன்படுத்திக்கலாம்னு சம்மதிக்கிறேன்."

"இத்த அன்னிக்கே சொல்லி இருந்தா நான் போட்டிருப்பனா?"

"மாட்டீங்க."

"தெரிஞ்சிகினேதான் சொல்லாம உட்டியா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். பக்கத்தில் கௌசர் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அச்சடிக்கும் முன் பிளெக்ஸின் மாதிரிப் படம் வந்த அன்றைக்கு, "மிஸ், கன்னியம்மா அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாமா?" என்று கேட்டவள் அவள். "அதான் கையெழுத்துப் போட்டிருக்காங்களே" என்று தேவகிருபை அடுத்த வேலைக்குப் போய்விட்டாள்.

"எனக்கே சரியா சொல்லத் தெரியலக்கா" என்றாள். "போட்டோ ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. அதைப் பாத்தா நாலு பேர் உள்ள வருவாங்கன்னு தோணுச்சு. உங்களை யோசிக்கல."

கன்னியம்மா மதிலின் பக்கம் கையை நீட்டி, "எறக்கு" என்றாள்.

தேவகிருபை முதல்வருக்குப் போன் செய்தாள். எதிர்பார்த்ததுதான் வந்தது. "என்ன விளையாடுறீங்களா? நாளைக்கு வர்ற சீஃப் கெஸ்ட் அந்த போட்டோவைப் பாத்துட்டுதான் வர்றேன்னு சொன்னார். ஒரு பெரிய கம்பெனியில சமூகப் பணிக்குன்னு இருக்கிற பெரிய ஆபீஸர். அவரை அந்தம்மாகிட்ட ரெண்டு வார்த்தை பேச வைக்கலாம்னு இருக்கோம். இப்ப போய் இறக்கினா என்ன சொல்றது?"

"கேக்காம வெச்சுட்டோம்னு சொல்லிடலாம் மேடம்."

"கன்சென்ட் இருக்குல்ல?"

"இல்ல மேடம். தாள்தான் இருக்கு."

"உங்க பாடம், உங்க கண்காட்சி. முப்பது பேர் வரலைன்னா எங்கிட்ட வந்து நிக்காதீங்க" என்று ராமசெல்வி போனை வைத்துவிட்டார்.

ரஞ்சித்தைக் கூப்பிட்டால், வேறொரு வேலையாக மணலிக்குப் போய்விட்டாராம், ஆறு மணிக்கு மேல்தான் வர முடியுமாம். ஆறு மணி வரை, குப்பத்துக்காரர்கள் ஏறுகிற எண்ணூர் பஸ்ஸெல்லாம் அந்த மதிலைத் தாண்டித்தான் போகும். மண்டபத்துச் சமையலறையிலிருந்து காய் நறுக்குகிற கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டு, பின்பக்கம் கிடந்த ஏணியைக் கௌசரும் தேவகிருபையுமாகத் தூக்கி வந்து மதிலில் சாய்த்தார்கள். நடைபாதை ஒரு பக்கம் சரிந்திருந்ததால் ஏணி ஆடியது. தேவகிருபை புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறினாள். இரண்டாவது படியில் ஏணியின் ஆட்டம் நின்றது. கீழே பார்த்தால், கன்னியம்மா ஏணியின் இரண்டு காலையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒயுங்கா ஏறு. வுயுந்து வெச்சின்னா, அதுக்கும் என் மூஞ்சியத்தான் போடுவீங்க."

சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கௌசர் துப்பட்டாவால் வாயை மூடிக்கொண்டாள். கன்னியம்மா சிரிக்கவில்லை.

நைலான் கயிறு சுலபத்தில் அறுபடவில்லை. எட்டு முடிச்சு. ஆறாவது முடிச்சு அறுந்ததும் பிளெக்ஸ் ஒரு பக்கமாகச் சரிந்து, காற்றில் படபடவென்று அடித்தது. சிக்னலில் நின்ற ஒரு டிரெய்லர் லாரியின் டிரைவர் எட்டிப் பார்த்து, "அக்கா, பாத்து" என்று கத்தினார். கடைசி முடிச்சை அறுத்ததும் அது மொத்தமாக நடைபாதையில் விழுந்தது. முகம் மேல்பக்கமாக. கன்னியம்மா சட்டென்று குனிந்து அதைக் குப்புறத் திருப்பிப் போட்டு, நாலாக, எட்டாக மடித்தாள்.

"உள்ள வெச்சுக்கறேன், குடுங்க" என்றாள் தேவகிருபை.

"வேணாம். எங்கிட்டயே இருக்கட்டும்." இடுப்பில் மூட்டை போல் இடுக்கிக்கொண்டு, வந்த ஷேர் ஆட்டோவில் ஏறிப் போய்விட்டாள்.

பிளெக்ஸ் இறங்கிவிட்டது. ஆனால் அதே படத்தைப் போட்ட அழைப்பிதழ் மூன்று நாளாக வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. தேவகிருபை படமில்லாத வேறொன்றைத் தயார் செய்து, 'முந்தையதை அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்ப வேண்டாம்' என்று எல்லாக் குழுக்களிலும் போட்டாள். அழித்துவிடுங்கள் என்று சொன்ன பிறகுதான் பலர் அதைத் தேடிப் பார்த்தார்கள். சாயங்காலத்துக்குள் குப்பத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று. கௌசருக்கு வந்த போனில் கன்னியம்மா ஒரே வரிதான் சொன்னாளாம்: "இனிமே நான் கண்ணாஸ்பத்திரி போவல கண்ணு."

மறுநாள் கண்காட்சி நன்றாகவே நடந்தது. பிளஸ் டூ பெண்கள் லாரிக் கணக்கின் முன்னால் கூட்டமாக நின்று, "எங்க ஸ்கூல் வாசலையும் எண்ணுங்கக்கா" என்றார்கள். மணலி புதுநகரிலிருந்து வந்த ஒருவர் தன் தெருப் பாட்டிலைத் தேடிக் கண்டுபிடித்துப் படம் எடுத்துக்கொண்டார். நாலாவது மேசைக்குப் பின்னால் மட்டும் சுவர் வெறுமையாக இருந்தது. கௌசர் மேசையில் ஒரு சிலேட்டுகூட வைக்க மறுத்துவிட்டாள். கைகளைக் கட்டிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

சிறப்பு விருந்தினர் வந்ததும் கேட்டது அதைத்தான். "அந்த லேடி எங்க?" முதல்வர் தேவகிருபையைப் பார்த்தார்.

தேவகிருபை மைக்கைப் பிடித்தாள். எழுதி வைத்திருந்த பேச்சைக் கோப்பிலேயே விட்டுவிட்டாள். ஒருவரின் பெயரையும் படத்தையும் அவருக்குப் புரியும்படி கேட்காமல் போட்டுவிட்டோம் என்றாள். அவர் ரகசியமாக வைத்திருந்ததை ஊருக்குச் சொல்லிவிட்டோம், தவறு மாணவிகளுடையது இல்லை, என்னுடையது என்றாள். "நாங்க வெளிய போறது உதவி பண்றதுக்குன்னு நினைச்சேன். உதவி பண்ணினதைக் காட்டிக்கணும்ங்கிற ஆசை எனக்குள்ள எவ்வளவு இருந்துச்சுன்னு நேத்துதான் தெரிஞ்சுது." பேச்சை அதோடு முடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். கைதட்டல் அங்கொன்றும் இங்கொன்றுமாக வந்தது. விருந்தினர் பதினைந்து நிமிடத்தில் புறப்பட்டுவிட்டார்.

மதியம் முடிந்து மேசைகளை மடிக்கும்போது, அடுத்த வருடப் பாடத்துக்கான பதிவுத் தாளில் இருபத்தொரு பெயர்கள் இருந்தன. முப்பதுக்கு ஒன்பது குறைவு. தேவகிருபைக்கு அழுகை வரவில்லை. உட்கார வேண்டும் போல மட்டும் இருந்தது.

அடுத்த புதன்கிழமை நூலகத்து மேசை காலியாக இருந்தது. அதற்கடுத்த புதனும். தேவகிருபை ஒருநாள் தனியாகக் குப்பத்துக்குப் போனாள். முகத்துவாரத்தின் கரையில் வலைக்கு நடுவே உட்கார்ந்திருந்த கன்னியம்மா அவளைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்துப் பெண்ணிடம் பேசிக்கொண்டிருந்ததைத் தொடர்ந்தாள். தேவகிருபை பத்து நிமிடம் வெயிலில் நின்றாள். பிறகு, "மன்னிச்சுக்கோங்க அக்கா. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள். யாரும் கூப்பிடவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது, மன்னிப்புக் கேட்டதும்கூட தன் மனசு ஆறுவதற்குத்தானோ என்று நினைத்தாள். அந்த நினைப்பு பல நாள் அவளை விடவில்லை.

கௌசர் மட்டும் போய்க்கொண்டிருந்தாள். முதல் இரண்டு வாரம் சும்மா போய் உட்கார்ந்துவிட்டு வந்தாளாம், அதற்கப்புறம் எழுத்துப் பாடம் மறுபடி தொடங்கியதாம். அங்கே நடந்தவற்றை அவள்தான் ஏப்ரல் மாதத்தில் ஒரு காலை, துறை அறைக்கு மூச்சிரைக்க ஓடி வந்து சொன்னாள்.

"மிஸ், நேத்து சங்கம் கூடுச்சு. பஞ்சாயத்து ஆளுங்க ரெண்டு பேர் வந்து, படிக்காதவங்க தலைவியா இருக்கக்கூடாதுன்னு கத்துனாங்க. அக்கா எழுந்து நின்னு, ஆமா எனக்கு எழுத்து வராது, இப்பத்தான் கத்துகினு கீறேன்னு எல்லார் எதிரவும் சொல்லிட்டாங்க மிஸ்."

"ஐயோ. அப்புறம்?"

"கை தூக்கச் சொன்னாங்க. நாப்பத்து மூணு பேருல இருபத்தஞ்சு பேர் அக்காவுக்கு. மீதிப் பேர் தூக்கல. அவங்கள்ல ரெண்டு பேர் அக்காவோட சொந்தக்காரங்க மிஸ். அதுதான் அக்காவுக்கு ரொம்ப வலிச்சுது." கௌசர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து குடித்தாள். "ஆனா விஷயம் வெளிய தெரிஞ்சதுலேந்து தாலுகா ஆபீஸ் போனா, எந்த பேப்பரா இருந்தாலும், நீயே சத்தமா படி சார், எனக்குப் படிக்க வராதுன்னு சொல்லிடுறாங்க. முன்னாடி அது முடியாதுல்ல? தெரிஞ்ச மாதிரியே நிக்கணும். போன வாரம் ஒரு ஆபீஸர் மூணு பக்கத்தையும் படிச்சாரு மிஸ். நடுவுல ஒரு வரியைத் தாண்டிட்டாரு. அக்கா அவரு விரலைப் பாத்துகினே இருந்துட்டு, அந்த வரில இன்னா சார் கீதுன்னு கேட்டாங்களாம்."

தேவகிருபை சிரித்துவிட்டாள். சிரித்த கையோடு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இதில் தனக்குப் பங்கு எதுவும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். தான் செய்தது கெடுதல். அந்தக் கெடுதலோடு இருந்துகொண்டே கன்னியம்மா தன் வழியைக் கண்டுபிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல மிஸ்." கௌசர் தயங்கினாள். "ஆனா ஜூன்ல புதுப் பசங்களை அனுப்பச் சொன்னாங்க. அவங்களுக்கு மட்டும் இல்ல, வேற ஆறு பேருக்கும் எழுத்து கத்துக்கணுமாம். வலை பின்ற கொட்டாயிலயே வெச்சுக்கலாமாம். அஞ்சு பொண்ணுங்க போதும், அதுக்கு மேல எடமில்லைன்னாங்க."

ஜூன் மாதம் கல்லூரி திறந்தபோது முதல்வர் கூப்பிட்டார். பதிவுத் தாளில் இருபத்தொன்றோடு பின்னால் வந்து சேர்ந்தவர்கள் ஐந்து பேர். முப்பது இல்லை. ராமசெல்வி தாளை இரண்டு தடவை புரட்டினார். "அந்த மைக் பேச்சைக் கேட்டுட்டு ஒரு அப்பா எனக்குப் போன் பண்ணினார். தப்பை ஒத்துக்கிற இடத்துல பொண்ணை விடலாம்னு சொன்னார்" என்றார். பிறகு, "இந்த ஒரு வருஷம் பாப்போம். அடுத்த வருஷம் நான் சும்மா விடமாட்டேன்" என்று கையெழுத்திட்டார்.

முதல் வகுப்பில் இருபத்தாறு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேவகிருபை நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "முகத்துவாரக்குப்பத்துக்கு ஐந்து பேர் வேணும். யார் போறீங்க?" என்று கேட்டாள்.

பதினோரு கைகள் உயர்ந்தன. அவள் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, யாரை அனுப்புவது, யாரை நிறுத்துவது என்று தெரியாமல், உதவிக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த கௌசரைப் பார்த்து, "நீயே சொல்லும்மா, அங்க யாருக்கு ஒத்து வரும்?" என்றாள்.

கௌசர் எழுந்து வந்து, பதினோரு பேரையும் ஒவ்வொருத்தியாக விசாரிக்க ஆரம்பித்தாள்.